இடது பக்கம் சாய்ந்த கோடு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எங்கள் ஹாஸ்டலில் இருக்கிற அத்தனை பெண்களுக்கும் தெரியும். ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போகிற பெண்கள் தங்கும் மூன்று மாடி விடுதிக்கு நான் வார்டன். தண்ணீர் மோட்டாரை நிறுத்த மறந்தவளை, ஷிப்ட் முடிந்து வந்து செருப்போடு சமையலறைக்குள் நுழைந்தவளை எல்லாம் வறுத்தெடுத்துவிடுவேன். ஆனால் என் காரில் ஏதோ சத்தம் வருகிறது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வராது. பயம்தான் வரும்.

அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. இருபது வயதில், இப்போது நான் ஓட்டுகிற இதே மாடல் கார்களைச் செய்கிற லைனில் வேலைக்குச் சேர்ந்தேன். சங்கரன்கோயில் பக்கத்திலிருந்து பெட்டியோடு வந்து இறங்கி, நாலு வருஷம் ஒரே ஸ்டேஷனில் ஒரே வேலை. வண்டி எங்கள் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டு வரும். நாங்கள் அண்ணாந்து, இரண்டு கைகளையும் தூக்கி, சக்கரங்களைத் திருப்புகிற ஸ்டீரிங் ராக்கில் ஓர் இரும்புக் குழாயைப் பொருத்தி அதன் நட்டை இறுக்க வேண்டும். சுண்டுவிரல் தடிமன் கூட இருக்காது அந்தக் குழாய். பம்பு தள்ளுகிற ஆயில் அதன் வழியாக ஓடித்தான் சக்கரத்தைத் திருப்ப உதவுகிறது. நட்டைக் கையால் முறுக்கிவிட்டு டார்க் ரெஞ்சைப் போட்டு இழுப்போம். வேண்டிய இறுக்கம் வந்ததும் ரெஞ்சு ‘டக்’ என்று சத்தம் போடும். அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் மஞ்சள் மார்க்கரை எடுத்து, நட்டின் மேலிருந்து ராக்கின் உடம்பு வரைக்கும் ஒரு கோடு இழுக்க வேண்டும். கோடு இருந்தால் இறுக்கியாகிவிட்டது என்று அர்த்தம். பின்னால் நட்டு அசைந்தால் கோடு இரண்டாக விலகி நின்று காட்டிக்கொடுத்துவிடும். இறுக்காமல் கோடு மட்டும் போடுவதைவிடப் பெரிய பாவம் எங்கள் லைனில் கிடையாது.

எனக்கு இடது கைப் பழக்கம். அந்த ஸ்டேஷனில் மூன்று ஷிப்டுக்கும் சேர்த்து நான் ஒருத்திதான் பீச்சாங்கைக்காரி. மற்றவர்கள் கோடு வலது பக்கம் சாய்ந்திருக்கும், என் கோடு இடது பக்கம் சாயும். “கோடு கூட உன்னைய மாதிரியே கோணல்” என்று பக்கத்து ஸ்டேஷன் பெண்கள் கிண்டல் செய்வார்கள். நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லி அவர்கள் வாயை அடைப்பேன்.

நாலாவது வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தைய மாதம், எல்லாருக்கும் ஓ.டி. போட்டு உயிரை வாங்கினார்கள். அந்த மாதம் வெளியே போன வண்டிகளில் மூன்று, ஸ்டீரிங் பைப் ஜாயிண்டில் ஆயில் கசிந்து திரும்பி வந்தன. சூப்பர்வைசர் என்னைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார். மேஜையில் ஒரு தாள், அதில் பின் குத்திய போட்டோக்கள். “டார்க் போடாம மார்க் போட்டிருக்க. தப்பை ஒத்துக்கிட்டு கையெழுத்து போடு” என்றார். நான் போட்டேன். அந்த மாதக் கடைசியோடு காண்டிராக்ட் முடிந்தது, மறுபடி கூப்பிடவில்லை.

ஏன் வாயைத் திறக்கவில்லை என்று என் வீட்டுக்காரர் பின்னாளில் கேட்டார். திறந்து என்ன சொல்வது? அந்த மாதம் என் கைகள் என்னைக் கேட்காமலேயே வேலை செய்துகொண்டிருந்தன. தூக்கத்தில் கூட என் கை சுவரில் கோடு போட்டது என்று அறையில் கூட இருந்தவள் சொல்லிச் சிரித்தாள். ‘டக்’ சத்தத்தை ஒவ்வொரு வண்டிக்கும் கேட்டேனா என்று என்னைக் கேட்டால், சத்தியம் செய்ய எனக்குத் தைரியம் இல்லை.

யாருக்கும் அடிபடவில்லை என்றுதான் சொன்னார்கள். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. எங்கள் வீடு இருக்கிற படப்பையின் மார்க்கெட்டில் அந்த மாடல் கார் எங்கே நின்றாலும், என் கண் முதலில் அதன் அடியில் தரையைத்தான் பார்க்கும். சிவப்பாக ஒரு சொட்டு கிடக்கிறதா என்று. கத்தரிக்காய் எடை போடுகிறவர் “இன்னாமா, காசு கீழ வுட்டியா?” என்று கேட்டிருக்கிறார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பழைய கார் ஒன்று வாங்கலாம் என்று போனோம். என் வீட்டுக்காரர் சீட் தைக்கிற கம்பெனியில் இருக்கிறார், அவருக்கு சீட் கிழியாமல் இருந்தால் போதும். வரிசையாக நின்ற வண்டிகளில் ஒன்றின் கதவைத் திறந்து, உள்ளே ஒட்டியிருக்கும் தகட்டைப் பார்த்தேன். அந்த வருஷம். அந்த மாதம். வேறு வண்டி பார்க்கலாம் என்று சொல்ல வாயெடுத்துவிட்டு, “இதையே எடுத்துருவோம்” என்றேன். நிறம் பிடித்துப் போயிற்று என்று அவர் நினைத்துக்கொண்டார்.

வாங்கினேனே தவிர, ஒருநாளும் அதன் அடியில் குனிந்து பார்க்கவில்லை. பார்த்தால் தெரிந்துவிடும் என்பதால்தான் வாங்கினேன், தெரிந்துவிடும் என்பதால்தான் பார்க்கவில்லை. சர்வீசுக்கு விட்டால் நான் எதிரே டீக்கடையில் போய் நின்றுகொள்வேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வல்லக்கோட்டை கோயிலுக்குப் போய்விட்டு நான் மட்டும் திரும்பிக்கொண்டிருந்தேன். கோயில் வாசலில் வண்டியைத் திருப்பும்போதே முன்னாலிருந்து ஒரு முனகல் கேட்டது. சாலைக்கு வந்ததும் ஸ்டீரிங் கல்லாக இறுகிவிட்டது. இரண்டு கையாலும் தொங்கித் திருப்பினால்தான் சக்கரம் அசைந்தது. பின்னால் ஒரு கண்டெய்னர் லாரி விடாமல் ஹாரன் அடித்தது. ஓரம் கட்டி இறங்கி, முதல் தடவையாக என் வண்டியின் அடியில் பார்த்தேன். தார் ரோட்டில் சிவப்பாக ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு வருஷம் மற்றவர்கள் வண்டிக்குக் கீழே தேடியது எனக்கே வந்து சேர்ந்துவிட்டது. அங்கேயே உட்கார்ந்து அழலாம் போலிருந்தது, ஆனால் லாரிக்காரன் பார்த்துக்கொண்டிருந்தான்.

சேரப்பணஞ்சேரியில் எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். என் வயதுதான் இருக்கும், ஆனாலும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவருக்கும் வீட்டுக்காரருக்கும் போனில் சொல்லிவிட்டு, ஆயிலை வழியெல்லாம் சிந்திக்கொண்டு, முரண்டு பிடிக்கிற மாட்டை இழுப்பதுபோல் வண்டியை இழுத்து அவர் கடைக்குக் கொண்டு சேர்த்தேன். ஞாயிற்றுக்கிழமையானதால் சர்ச்சுக்குப் போய்விட்டு வெள்ளைச் சட்டையோடு வந்து கடையைத் திறந்தார். சட்டையை மாற்றிக்கொண்டு, அடியில் நின்று வேலை பார்ப்பதற்காகக் கட்டியிருந்த குழிக்கு மேலே வண்டியை நிறுத்தச் சொல்லி உள்ளே இறங்கினார்.

“பிரஷர் பைப்பு தான்க்கா. கிளாம்ப் புடிச்சிகினு கீற எடத்துல துருப்புடிச்சி ஓட்டை வுழுந்துகீது. புதுசு போட்டா சரியாயிடும். ஆனா ராக்ல போற நட்டு ஜாம் ஆயிகினு கீது, கழட்றது தான் வேலை.”

“அந்த ஜாயிண்ட்ல லீக் இருக்கா?” என்று கேட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

“மேல மண்ணு மூடிகினு கீதுக்கா. கழட்டினா தான் தெரியும்.”

“நான் கழட்டுதேன்” என்றேன்.

“ஆயில் மேல படும்க்கா, புடவை வீணாப்பூடும்.”

“நாலு வருஷம் அந்த ஆயில்லதான் குளிச்சிருக்கேன். தள்ளுங்க.”

கோபத்தில் சொன்னதுபோல இருந்திருக்கும். உண்மையில் பயம்தான். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு படி இறங்கினேன். குழிக்குள் நின்று நிமிர்ந்தேன். வண்டி என் தலைக்கு மேலே இருந்தது. அதே உயரம், அதே ராக், அதே இடம். கழுத்து தானாக அண்ணாந்தது, இரண்டு கைகளும் தானாக மேலே போயின. பன்னிரண்டு வருஷமாக நான் மறந்ததாக நினைத்த எதையும் என் தோள்கள் மறந்திருக்கவில்லை.

மெக்கானிக் மேலிருந்து பழந்துணி ஒன்றைக் கொடுத்தார். நட்டின் மேல் அடைபோலப் படிந்திருந்த மண்ணையும் பிசுக்கையும் நகத்தால் பெயர்த்து, மெதுவாகத் துடைத்தேன். டார்ச்சைப் பிடித்துப் பார்த்தேன். மங்கின மஞ்சளில், நட்டிலிருந்து ராக்கின் உடம்பு வரைக்கும் ஒரு கோடு. உடையாமல், விலகாமல். இடது பக்கம் சாய்ந்து.

 என் கோடு அது. இருபத்து மூன்று வயதுப் பெண் ஒருத்தி, வீட்டு நினைப்பும் தூக்கமுமாக நின்று, ஒரு நிமிஷம் கூட ஆகாத நேரத்தில் போட்டது. அதற்குப் பிறகு இந்த வண்டி எத்தனை கை மாறியதோ. பின் கண்ணாடியில் வேளாங்கண்ணி ஸ்டிக்கரும் அதற்கடியில் ஒரு டாக்டர் சின்னமும் பாதி கிழிந்து இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. யார் யாரையோ ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் கொண்டுபோயிருக்கும். மழைத் தண்ணீரில் நின்றிருக்கும், ஒவ்வொரு வேகத்தடையிலும் குதித்திருக்கும். அவ்வளவு காலமும் நான் போட்ட கோடு இங்கே இருட்டில் பேசாமல் இருந்திருக்கிறது. டார்ச்சை அணைக்காமல் அதன் கீழே நின்றேன். கோயிலில் கூட நான் அப்படி நின்றதில்லை.

“ஸ்பானர் குடுங்க.”

இடது கையில் வாங்கி, நட்டில் மாட்டி, முழுப் பலத்தையும் போட்டு இழுத்தேன். அசையவில்லை. கைப்பிடியில் ஒரு இரும்புக் குழாயைச் சொருகி நீளமாக்கி, கால்களைச் சுவரில் ஊன்றிக்கொண்டு தொங்கினேன். அசையவில்லை.

“அக்கா, இன்னா பண்ற?” மேலிருந்து மெக்கானிக் கத்தினார். “டைட்டு பண்ணிகினு கீற! கழட்றது அந்தாண்ட!”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வண்டி தலைக்கு மேலே இருந்தால் என் கைக்குத் தெரிந்த திசை ஒன்றுதான். நாலு வருஷம் நான் இறுக்கியிருக்கிறேன், ஒரு நட்டைக் கூடக் கழற்றியதில்லை. கழற்றுவது எங்கள் வேலையே இல்லை. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். “லைன்ல இருந்தவங்க எல்லாருமே இப்படித்தான்க்கா. எம் பொஞ்சாதியும் லைன்ல இருந்தது தான், வூட்டு தண்ணி கொழாய கழட்ட சொன்னா டைட்டு பண்ணும்.”

அவர் முன்பு வேறொரு கார் கம்பெனியில் ரீவொர்க் பகுதியில் வேலை பார்த்தவர். லைனில் குறை கண்டுபிடித்து ஓரம் கட்டுகிற வண்டிகளைத் திறந்து சரிசெய்கிற இடம் அது. “நீங்கல்லாம் மூடுவீங்க, நாங்க தொறப்போம்” என்பார். திறக்கிறவர் எப்படித் திறக்கிறார் என்பதை அன்றைக்குத்தான் முதன்முதலாக நின்று பார்த்தேன்.

நட்டைச் சுற்றித் துரு இளக்குகிற ஆயிலை ஊற்றிவிட்டு, படப்பைக்குப் போய்ப் புதுப் பைப்பை வாங்கி வந்தார். பிறகு கேஸ் டார்ச்சைப் பற்றவைத்தார். பக்கத்து ரப்பர்களுக்கெல்லாம் ஈரத்துணி சுற்றிவிட்டு, நட்டின் மேல் மட்டும் நெருப்பைக் காட்டினார். காய்ச்சுவார், ஆறவிடுவார், ஆயில் ஊற்றுவார், சின்னச் சுத்தியலால் லேசாகத் தட்டுவார், காதை வைத்துக் கேட்பார். மறுபடி காய்ச்சுவார். அவசரமே இல்லை. நானாக இருந்தால் அதற்குள் நாலு திட்டு திட்டி நட்டின் முனையெல்லாம் மழுங்கடித்திருப்பேன். கடைசியில் பழைய பைப்பை நட்டை ஒட்டி ஆக்ஸா பிளேடால் அறுத்து எடுத்தார். வழி கிடைத்ததும் சாக்கெட்டை நட்டின் மேல் முழுசாக உட்காரவைத்து, மூச்சைப் பிடித்து ஒரே சீராக இழுத்தார்.

‘டக்’ என்றது.

ரெஞ்சு போடுகிற சத்தம் இல்லை இது, பூட்டு விட்டுக்கொடுக்கிற சத்தம். ஆனாலும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மிளகாய் வறுத்த நெடி மாதிரி இருந்த ஆயில் புகையின் மேல் பழியைப் போட்டுவிட்டேன்.

நட்டோடு வந்த பைப் நுனியைத் துணியில் வைத்து, வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து துடைத்தார். வெளியெல்லாம் துரு. உள்ளே ராக்கோடு பொருந்தியிருந்த விளிம்பில் மட்டும் மெட்டி போல ஒரு வளையம் பளபளத்தது.

“பாருக்கா. டைட்டு கம்மியா இருந்தா இந்த வட்டம் பாதி தான் வுழும். மீதி எடத்துல ஆயில் பூந்து கறை கட்டிகினு கீறும். இது ஃபுல் ரவுண்டு. ஒரு சொட்டு வெளிய வரல. எவனோ நல்லா வேலை தெரிஞ்சவன் போட்டுகீறான்.”

“எவனோ இல்ல” என்றேன். “நான்தான்.”

எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். சாய்ந்த கோடு, அந்த மாதம், மூன்று வண்டி, கண்ணாடி அறை, கையெழுத்து. வீட்டுக்காரரைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. குழியின் படியில் உட்கார்ந்து, கையில் அந்த நட்டை வைத்துக்கொண்டு சொன்னேன். உடனே என் குணப்படி நானே எதிர்வாதமும் செய்தேன். “இது ஒரு நட்டுதான். இது சரியா இருக்கதால அந்த மூணும் சரியா இருந்துச்சுன்னு ஆயிருமா?”

“ஆவாது” என்றார் அவர். பொய்யாக ஆறுதல் சொல்லவில்லை, அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். “அந்த போட்டோல கோடு எந்தப் பக்கம் சாஞ்சிகினு இருந்துச்சிக்கா?”

நான் கையிலிருந்த நட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

“போட்டோ இருந்துச்சுன்னு சொன்னியே?”

“இருந்துச்சு. நான் பாக்கல.”

“பாக்காமயா கையெழுத்து போட்ட?”

தலையைக் குனிந்துகொண்டு போட்டேன். போட்டோக்கள் என் கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தன. ஒரு தடவை பார்த்திருந்தால் போதும், என் கோடு எது, இன்னொருத்தி கோடு எது என்று எனக்குத் தெரிந்திருக்கும். சூப்பர்வைசர் சத்தம் போட்டார், என் கை பேனாவை எடுத்தது, கோடு இழுப்பதுபோல இழுத்துவிட்டு வந்துவிட்டது. இறுக்கினேனா இல்லையா என்று பன்னிரண்டு வருஷமாகக் கார்களுக்கு அடியில் தேடியிருக்கிறேன். டார்க் போடாமல் மார்க் போட்டேன் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிகிற இடம் ஒன்றே ஒன்றுதான், அந்தக் கையெழுத்து.

மெக்கானிக் கைத்துணியைக் கீழே போட்டார். புதுப் பைப்பை எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கினார். பம்பு பக்கத்து முனையை மாட்டிவிட்டு, ராக் பக்கம் கையால் முறுக்கிவிட்டு, “டைட்டு நீயே வெச்சிடுக்கா, அது தான் உன் கைக்கு வருதே” என்று பழைய பெட்டியிலிருந்து தன் டார்க் ரெஞ்சை எடுத்து நீட்டினார். எவ்வளவு இறுக்க வேண்டுமோ அந்த அளவை ரெஞ்சில் வைத்துக் கொடுத்தார். நான் சரிபார்த்து வாங்கினேன்.

அண்ணாந்து நின்று இழுத்தேன். ஓ.டி. இல்லை, மேலே நகர்ந்துபோகிற லைன் இல்லை, கத்துகிறவர் இல்லை. ‘டக்’ என்ற சத்தம் கையிலும் காதிலும் ஒன்றாகக் கேட்டது. 

“மார்க்கர் இருக்கா?”

“நம்ம கடைல அதெல்லாம் எங்கக்கா? டைட்டா இருந்தா பத்தாதா?”

பத்தாது என்றேன். அவர் பில் புக் பக்கத்தில் துழாவி ஒயிட்னர் பாட்டில் ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். நட்டின் மேலிருந்து ராக்கின் உடம்பு வரைக்கும் வெள்ளைக் கோடு இழுத்தேன். அது இடது பக்கம் சாய்ந்தது.

ஆயில் ஊற்றி, காற்றுப் போகும்வரை ஸ்டீரிங்கை இரண்டு பக்கமும் திருப்பிவிட்டு, கடைசியில் என்னை உட்காரச் சொன்னார். ஒற்றை விரலால் திருப்பினேன். அவ்வளவு பெரிய வண்டியின் முன்சக்கரங்கள் வெண்ணெய்மேல் போல வழுக்கித் திரும்பின. நாலு வருஷம் இதைச் செய்துவிட்டு, இது என்ன செய்கிறது என்று இத்தனை வியப்போடு ஒருநாளும் நான் பார்த்ததில்லை.

படப்பை வருவதற்குள் என் வீட்டுக்காரர் போன் செய்துவிட்டார். ஓரமாக நிறுத்திவிட்டு எடுத்தேன்.

“ஏட்டி, வண்டி சரியாயிட்டா? யாரு பாத்தது, ஒழுங்கா டைட் வெச்சிருக்கானா?”

“நான்தான் வெச்சேன்” என்றேன். “சத்தம் கேட்டுத்தான் கோடு போட்டேன்.”